ஐந்து கடன், ஐந்து பதில்: கடனைத் திருப்பிக் கட்டப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நம் மின்னிதழ் வாசகர்களுக்கான மாலைநேரச் சந்திப்பில், இதழின் உள்ளடக்க எழுத்தாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்த இதழில் நான் எழுதுறது என்னன்னு உங்களுக்குத் தெரியும். வருமானச் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது, பட்டா மாறுதலுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், இ-சேவை மையத்தில் எவ்வளவு கட்டணம், இப்படித்தான் இருக்கும். இன்னைக்கு எங்க வீட்டுக் கதையைச் சொல்லப் போகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "யார் பேரும் சொல்லாம சொல்லு. நாலு பேருக்கு உபயோகப்பட்டா சரி" என்றார்.

அப்பா ஒரு கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். 2020 மார்ச்சில் கல்லூரி மூடியது, கடையும் மூடியது. மறுபடி திறக்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் வீடு ஓடியது கடனில்தான். 2022 ஜூனில் எனக்கு சென்னையில் முதல் வேலை கிடைத்தது. சம்பளம் 18,000 ரூபாய். முதல் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் நானும் ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதினோம்.

ஒன்று, என் படிப்புக்காக வங்கியில் வாங்கிய கல்விக் கடன், 1,60,000 ரூபாய். இரண்டு, கூட்டுறவுச் சங்கத்தில் அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்து வாங்கிய 45,000. மூன்று, தெருப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு சிறுநிதி நிறுவனத்தில் வாங்கியதில் அம்மாவின் பங்கு 30,000. நாலு, பத்து வட்டிக்கு வாங்கிய 20,000. அஞ்சு, மாமா கொடுத்த 40,000. அதற்கு வட்டியும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "கடனைக் கட்ட வர்றேன்"னு சொன்னா அஞ்சு பேரும் சந்தோஷப்படுவாங்கன்னு நினைத்தேன். நடந்தது வேறு. வங்கி மேலாளர் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். கூட்டுறவுச் சங்க எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிறுநிதி நிறுவன ஊழியர் கட்ட வந்த எங்களுக்கு இன்னும் பெரிய கடன் தருவதாகச் சொன்னார். பத்து வட்டிக்காரர் முகம் சுளித்தார். மாமா போனையே எடுக்கவில்லை.

கட்ட வருகிறவர் ஒரே ஆள்தான், பணமும் அதே பணம்தான். அப்புறம் ஏன் இத்தனை விதமான பதில்? ஆரம்பத்தில் அவரவர் குணம் என்று நினைத்தேன். குணம் கொஞ்சம்தான் காரணம். அவர் கையில் என்ன பிடிமானம் இருக்கிறது, நம் பாக்கிக்கு எத்தனை நாள் வயது, முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா, நம் கடன் தீர்ந்தால் அவருக்கு லாபமா நஷ்டமா, இந்த நாலைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வங்கி: 90 நாள் கணக்கு

கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கணக்கிலிருந்து பணம் எடுப்பார்கள். எனக்குச் சம்பளம் வருவதோ 10ஆம் தேதி. முதல் இரண்டு தவணையும் பணமில்லை என்று திரும்பிவிட்டது. பயந்துகொண்டே கிளைக்குப் போனேன். அப்போது பாக்கி விழுந்து ஏறக்குறைய 45 நாள்.

மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல வந்தம்மா" என்றார். தவணைத் தேதியை 12க்கு மாற்ற மனு எழுதி வாங்கினார். பாக்கித் தவணைகளை அடுத்த சில வாரங்களில் இரண்டு தடவையாகக் கட்டச் சொன்னார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

அதே வருடம் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் இன்னொரு வங்கிக்குப் போனார். அவருக்கு அஞ்சு மாத பாக்கி. ஒரு தவணைக்கான பணத்தைக் கையிலேயே கொண்டு போயிருந்தார். "இது எங்க கையில இல்லைங்க, வட்டார அலுவலகத்துல பேசுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "உன்ன மட்டும் மதிச்சாங்க, என்னய மதிக்கல" என்று அவருக்கு ஒரே வருத்தம்.

அது மரியாதைப் பிரச்சினை கிடையாது, அந்தக் கணக்கின் வயது. ரிசர்வ் வங்கி விதிப்படி, தவணை தவறியதும் அந்தக் கணக்கைச் சிறப்புக் கவனிப்புப் பட்டியலில் வைக்க வேண்டும். 30 நாள் வரை ஒரு படி, 60 நாள் வரை அடுத்த படி, 90 நாள் வரை மூன்றாவது படி. 90 நாளைத் தாண்டினால் அது வாராக் கடன்.

இந்த 90 நாளுக்கு முன்னும் பின்னும் வங்கிக்கு என்ன மாறுகிறது என்று பாருங்க. ஒழுங்காக ஓடும் சாதாரணக் கடனில் ஒரு லட்சத்துக்கு வங்கி பொதுவாக 400 ரூபாய் அளவுக்குத்தான் ஒதுக்கீடாகத் தனியே எடுத்து வைக்கிறது. வாராக் கடன் ஆனதும் அது 15,000 ஆகிறது. அடமானமே இல்லாத கடன் என்றால் 25,000. அதோடு, அந்தக் கடனுக்கு வர வேண்டிய வட்டியைக் கையில் வாங்கும் வரை வருமானமாகக் காட்டவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. வாராக் கடன் ஆன கணக்கு மறுபடி நல்ல கணக்காக மாற வேண்டுமென்றால், அசல், வட்டி என்று எல்லா நிலுவையும் முழுசாகக் கட்டியிருக்க வேண்டும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அதனால்தான் 45ஆம் நாள் போன எனக்கு நாற்காலி கிடைத்தது. நான் கட்டும் ஒவ்வொரு தவணையும் மேலாளருக்கு ஒரு வாராக் கடனைத் தவிர்த்துக் கொடுக்கிறது. அஞ்சாவது மாதம் போன அண்ணனின் ஒரு தவணை, கணக்கின் நிலையை மாற்றப் போவதில்லை. கணக்கும் கிளையின் கையை விட்டுப் போய்விட்டது. அவர் கட்டியது வீண் என்று சொல்லவில்லை, அந்த அளவுக்குக் கடன் குறையும். ஆனால் அவர் பேச வேண்டிய ஆள் மாறிவிட்டார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆக, பணம் முழுசாகச் சேரட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்காதீங்க. கையில் பாதிதான் இருந்தாலும் 90 நாளுக்குள் போய் நில்லுங்க. போகும்போது ஒரு மனுவும் கொண்டு போங்க. ஏன் தவறியது, எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கம் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கோங்க. வாய்ப்பேச்சு மேலாளரோடு மாற்றலாகிப் போய்விடும். எழுத்து கோப்பில் இருக்கும்.

நகைக்கடன்: அவசரமில்லாத எழுத்தர்

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை? வளையல் அவர்களுடைய பெட்டகத்தில் இருக்கிறது. தங்கம் விலை ஏறிக்கொண்டு வேறு இருக்கிறது. நாங்கள் கட்டினாலும் அவர்களுக்குச் சரி, கட்டாவிட்டாலும் ஏலம் போட்டு எடுத்துக்கொள்வார்கள். பிடிமானம் கையில் இருக்கும் கடன்காரர் சத்தம் போட மாட்டார். அந்த அமைதியைப் பார்த்து நாம் ஏமாந்துவிடக் கூடாது.

நகைக்கடனில் ஆபத்து சத்தமில்லாமல்தான் வரும். கெடு முடியும். வீடு மாறியிருந்தால் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகும். நாள் குறித்து ஏலம் நடக்கும். அதனால் முகவரியும் செல்பேசி எண்ணும் மாறினால், முதலில் நகை வைத்த இடத்தில் சொல்லுங்க. கெடுவுக்குள் திருப்ப முடியாவிட்டால் வட்டியைக் கட்டி மாத்தி வைக்க முடியுமா என்று கேளுங்க. ஒருவேளை ஏலம் போய்விட்டால், கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் தொகை நமக்குச் சேர வேண்டியது. இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். முழுசாகக் கட்டிய பிறகு வங்கியோ நிதி நிறுவனமோ நகையைத் தராமல் இழுத்தடித்தால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளைக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் விதி செய்திருக்கிறது.

குழுக் கடன்: கட்ட வந்தவருக்கு இன்னொரு கடன்

சிறுநிதி நிறுவன ஊழியர் ஒரு தம்பி. என் வயதுதான் இருக்கும். "அக்கா, இப்பவே முடிக்காதீங்க. ஒழுங்கா கட்டுறீங்க, அடுத்த ரவுண்டுல அறுபதாயிரம் தர்றோம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து பேசியபோது அவருடைய கஷ்டமும் புரிந்தது. மாதாமாதம் இத்தனை பேருக்குக் கடன் கொடுத்திருக்க வேண்டும் என்று அவருக்கு இலக்கு இருக்கிறது. ஒழுங்காகக் கட்டும் ஒரு வாடிக்கையாளர் கணக்கை முடித்துவிட்டுப் போனால், அந்த இடத்துக்குப் புது ஆளைத் தேட வேண்டும்.

இந்தக் கடனுக்கு அடமானம் கிடையாது. அடமானத்தின் இடத்தில் இருப்பது பக்கத்து வீட்டு அக்காக்கள்தான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களை வில்லியாக நினைக்காதீங்க. அவர்களுடைய அடுத்த கடன் நம் தவணையில் தொங்குகிறது.

2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பதுதான் சிறுநிதிக் கடன். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைகளுக்கே போகும்படி கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. வசூல் இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ அங்கே வராதவரின் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ மட்டுமே வரலாம்.

நாங்கள் மீதிப் பணத்தைக் கட்டி முடித்தோம். நிலுவை இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்கினோம். அந்தத் தம்பி கடைசி வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார். "வேண்டாம்பா" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

பத்து வட்டி: அசலை வாங்க மறுக்கும் ஆள்

இப்போ நாலாவது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

இருபதாயிரத்துக்குப் பத்து வட்டி என்றால் மாதம் 2,000 ரூபாய். 2021 தொடக்கத்தில் வாங்கியது. 2022 தீபாவளிக்கு முன்னால் அம்மாவின் சீட்டுப் பணம் வந்தது. அதற்குள் 21 மாதம் வட்டி கொடுத்திருந்தோம், மொத்தம் 42,000 ரூபாய். அசல் அப்படியே 20,000 நின்றது. சீட்டுப் பணத்தில் இருபதாயிரத்தை எண்ணி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் போனோம்.

அவர் பணத்தைப் பார்த்தார். "அசலுக்கு என்னம்மா அவசரம்? தீபாவளிச் செலவு இருக்குல்ல, வச்சுக்கங்க. வட்டிய மட்டும் கரெக்டா குடுத்துட்டு வாங்க" என்றார். கரிசனமாகத்தான் பேசினார். அம்மா, "இல்லண்ணே, முடிச்சுக்கிறோம். அந்தப் புரோநோட்டைக் குடுங்க" என்றதும் முகம் மாறியது. நோட்டு வேறு ஊரில் இருக்கிறது, மச்சான் வரணும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அதே பதில். மூன்றாவது தடவை போனபோது, நடுவில் ஒரு மாதம் வட்டி தாமதமானதற்கு வட்டிக்கு வட்டி என்று 9,000 ரூபாய் புதுக் கணக்கு சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதார். "கட்டுறேன்னு போனாக்கூட விட மாட்டேங்கிறாரே" என்றார்.

அவருடைய இடத்தில் நின்று யோசித்தால் கணக்கு சுலபம். அந்த இருபதாயிரம் அவருக்கு வருடத்துக்கு 24,000 சம்பாதித்துக் கொடுக்கிறது. அதை நாங்கள் திருப்பிக் கொடுத்தால், வேறு எங்கே போட்டு அவர் அப்படிச் சம்பாதிப்பார்? வங்கிக்கு நாம் கட்டாமல் போவதுதான் நஷ்டம். கந்துவட்டிக்காரருக்கு நாம் கட்டி முடிப்பதுதான் நஷ்டம். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பதும், கொடுத்த வட்டிக்கு ரசீது தராததும், கடைசி நேரத்தில் புதுக் கணக்கு சொல்வதும், கடனை முடியவிடாமல் வைத்திருக்கிற வழிகள்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இதழியல் படித்தவள்தான், ஆனாலும் தெரியாது. நீதிமன்ற வளாகத்தில் இருந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அங்கே ஒரு வழக்கறிஞர் அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் என்று 2003இல் வந்த சட்டம் இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் என்று எந்தப் பேரில் இருந்தாலும், அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. கடன் வாங்கியவர் அசலையும் சட்டம் அனுமதிக்கும் வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி மனு கொடுக்கலாம். கொடுத்தவர் வாங்க மறுத்தால் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அவர் சொன்னபடி பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் அனுப்பினோம். இன்ன தேதிகளில் அசலைக் கொண்டுவந்தோம், நீங்கள் வாங்கவில்லை, புரோநோட்டைத் தந்துவிட்டுப் பெற்றுக்கொள்ளவும், இல்லையென்றால் நீதிமன்றத்தில் கட்டுவோம் என்று நாலே வரி. ஒப்புகை அட்டை திரும்பி வந்த சில நாளில் அவரே வீட்டுக்கு வந்தார். "என்னம்மா, கோர்ட்டு வரைக்கும் போயிட்டீங்க" என்றார். மாமியும் எதிர்வீட்டுத் தாத்தாவும் சாட்சியாக இருக்க, பணத்தை வாங்கிக்கொண்டு நோட்டைக் கொடுத்தார். அந்த 9,000 பற்றிப் பேச்சே இல்லை.

ஏற்கெனவே கொடுத்த 42,000இல் அதிகப்படியாக வாங்கியதைத் திருப்பிக் கேட்கலாம் என்று வழக்கறிஞர் அக்கா சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அது அவருடைய முடிவு. நீங்கள் கேட்க நினைத்தால் கேட்கலாம்.

எல்லோருக்கும் ஒரு கடிதத்தில் முடியும் என்று நான் சொல்லவில்லை. மிரட்டல் இருந்தால் தனியாகப் போகாதீங்க. காவல் நிலையத்திலும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். கடன் வசூலில் வற்புறுத்தல் நடவடிக்கைகளைத் தடுக்க 2025இல் நம் மாநிலத்தில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கடனுக்கு வழி உண்டு. உயிரை விடுமளவுக்கு எந்தக் கடனும் பெரிதில்லை. மனசு அந்தப் பக்கம் போனால் 104க்குக் கூப்பிட்டுப் பேசுங்க.

மாமா: பணம் பெரிதில்லை

அஞ்சாவது மாமா. அம்மாவின் தம்பி. அத்தையின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்த 40,000 கொடுத்தார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்க முடியவில்லையே என்ற கூச்சத்தில் அம்மா அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். "பணத்த வாங்கிட்டு மூஞ்சிய மறைக்கிறாங்க"ன்னு மாமா எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோனது.

என் கையில் மொத்தமாகக் கொடுக்க எதுவும் இல்லை. அந்த நவம்பரில் ஜிபேயில் 1,000 ரூபாய் அனுப்பினேன். குறிப்பில் "மாமா, மாசம் 1,000 அனுப்புறேன்" என்று எழுதினேன். பதில் இல்லை. டிசம்பரில் அனுப்பினேன். அதற்கும் இல்லை. ஜனவரியில் பணம் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் போன் வந்தது. "பணம் வந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அக்கா எப்படி இருக்கா?" என்றார்.

பொங்கலுக்கு எல்லோரும் போனோம். "பணத்துக்காக இல்லம்மா. முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேக்கவே மாட்டேன்" என்றார். உறவில் கடன் கொடுத்தவர் எதிர்பார்க்கும் முதல் தவணை அந்த ஒரு வார்த்தைதான். அதை நாங்கள் இரண்டு வருடம் பாக்கி வைத்திருந்தோம்.

போகும் முன் செய்ய வேண்டியவை

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்க. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை நாள் பாக்கி, அவர் கையில் என்ன பிடிமானம் என்று. எதை முதலில் கட்டுவது என்று அந்தத் தாளே சொல்லும். எங்கள் வீட்டில் பத்து வட்டியும் 90 நாளை நெருங்கிய வங்கிக் கடனும்தான் முதலில் வந்தன. அதிகம் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுவதுதான் நம் பழக்கம். அதிகம் தின்கிற கடனுக்கு முதலில் கட்டுங்க.

ஒரே இடத்தில் இரண்டு கடன் இருந்தால், கட்டும் பணம் எந்தக் கடனுக்கு என்று கட்டும்போதே எழுதிக் கொடுங்க. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆவது பிரிவுப்படி, அப்படிச் சொல்லிக் கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொண்டால் அந்தக் கடனில்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கட்டினால் அவர்கள் விருப்பப்படி வரவு வைத்துக்கொள்ளலாம்.

தவணை தவறியதற்கு வங்கியோ நிதி நிறுவனமோ அபராதக் கட்டணம் போடலாம். ஆனால் அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. இது 2024 முதல் நடைமுறையில் உள்ள விதி. கணக்கு விவரத்தை வாங்கி ஒருமுறை பாருங்க.

வீட்டுப் பத்திரம் வைத்து வாங்கிய கடனை முழுசாகக் கட்டினால் 30 நாளுக்குள் பத்திரம் கைக்கு வர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

கடைசியாக, கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்கி, ஒரு மாதம் கழித்து உங்கள் கடன் வரலாற்று அறிக்கையைப் பாருங்க. நாட்டில் இருக்கும் நாலு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முடிந்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் புகார் கொடுங்க. 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

வாசகர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்

வசூல் முகவர் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்கிறார், உறவினர்களுக்கும் போன் போடுகிறார் என்று ஒரு அண்ணன் கேட்டார். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. மிரட்டுவதும், நண்பர்கள் உறவினர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது. நாம் பாக்கி வைத்திருப்பது உண்மையாகவே இருந்தாலும் கூடாது. அழைப்பு வந்த நேரத்தைப் படமெடுத்து வைத்து, முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. ஊர் பேர் தெரியாத கடன் செயலி, கட்டிய பிறகும் பணம் கேட்டு, உங்கள் படத்தைத் திரித்து மிரட்டினால் அது வசூலே கிடையாது, குற்றம். மறுபடி பணம் கட்டாதீங்க. உடனே 1930க்குக் கூப்பிடுங்க.

இன்னொரு அக்கா கேட்டார்: "மூணு வருஷமா கட்டாத கடனுக்குப் பாதி கட்டினா போதும்னு கடிதம் வந்திருக்கு. அன்னைக்கு ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன்னாங்க, இன்னைக்கு எப்படி?"

இதற்கும் பதில் கணக்கின் வயதுதான். பழைய வாராக் கடனுக்கு வங்கி ஏற்கெனவே பெரும் பகுதியை நஷ்டமாக ஒதுக்கி வைத்திருக்கும். இனிமேல் வருவது லாபம்தான். சில கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுவார்கள். அவர்கள் அதைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால், பாதி கிடைத்தாலே அவர்களுக்குப் போதும். ஆனால் இரண்டு விஷயம் பாருங்க. பாதி கட்டி முடித்தால் உங்கள் கடன் வரலாற்றில் அது "முடிந்தது" என்று வராது, "சமரசமாகத் தீர்ந்தது" என்று வரும். அடுத்த கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். இரண்டாவது, தொகை, கெடு, இதற்குப் பின் பாக்கி எதுவும் இல்லை என்ற உறுதி, மூன்றும் நிறுவனத்தின் கடிதத்தில் எழுத்தில் வந்த பிறகுதான் ஒரு ரூபாயாவது கட்ட வேண்டும். அதையும் நிறுவனத்தின் கணக்கில்தான் கட்டுங்க, முகவரின் கையிலோ அவருடைய சொந்த எண்ணுக்கோ வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்தால் இன்னும் நல்லது. அங்கே ஏற்படும் தீர்வே இறுதி, அதன் மேல் முறையீடு கிடையாது. சட்ட உதவிக்கு 15100. மாநில அரசுத் துறைகள் சார்ந்த குறைகளுக்கு முதல்வரின் முகவரி உதவி எண் 1100. இந்த நாலு எண்ணையும் இப்பவே போனில் பதிந்து வையுங்க.

எங்கள் வீட்டில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நாலு கடனுக்கு மேல் அம்மா கோடு போட்டு அடித்துவிட்டார். கல்விக் கடன் மட்டும் மாதாமாதம் 12ஆம் தேதி ஓடிக்கொண்டிருக்கிறது. மாமாவுக்குக் கடைசி ஆயிரத்தை அனுப்பிய அன்று, "இனிமே எதைச் சாக்கா வச்சு மாசாமாசம் போன் பண்ணுவ?" என்று கேட்டார். இப்பவும் மாதம் பிறந்தால் கூப்பிடத்தான் செய்கிறேன்.